ஒரே எண், இரண்டு சாவு

— தப்பா எடுத்துக்காதீங்க சார். உங்க தாத்தா எத்தனை தடவை செத்தார்?

— என்ன கேள்வி இது? எல்லாரையும் போல ஒரு தடவைதான். இறப்புச் சான்று கேட்டு வந்தவங்ககிட்ட காலங்கார்த்தால தமாஷ் பண்றீங்களா?

— தமாஷ் இல்லைங்க. பதினேழு வருஷமா இந்த ஜன்னல்ல உட்கார்ந்திருக்கேன், ஒருத்தருக்கு ரெண்டு பதிவு வந்து இப்பதான் பார்க்கறேன். எழுதினது எழுதினபடி சொல்லிடறேன். ஒண்ணு, முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னாடி. வயசு எழுபது, முதுமை, வீட்டுல இறந்தார்.

— அதுதான் எங்க தாத்தா. நான் அப்ப ஒன்பதாவது. தூக்கிட்டுப் போனதுல நானும் ஒரு தோள் குடுத்தேன். அதுல முத்திரையைக் குத்தி விடுங்க, லாரியை நிறுத்தக்கூடாத இடத்துல நிறுத்திட்டு வந்திருக்கேன்.

— அண்ணே, கொஞ்சம் இரு. இன்னொரு பதிவு என்னங்க?

— அது எழுபத்தெட்டு வருஷத்துக்கு முன்னாடிம்மா. பழைய ஆஸ்பத்திரிப் புத்தகங்களைப் போன மாசம்தான் கம்ப்யூட்டர்ல ஏத்தினாங்க. அதுலேர்ந்து வந்து நிக்குது. வயசு இருபத்தெட்டு.

— பேர் ஒத்துப்போயிருக்கும். அந்தப் பேரைச் சொல்லிக் கல்லை விட்டெறிஞ்சா எங்க ஊர்ல நாலு பேர் மண்டை உடையும்.

— பேர் மட்டும்னா நானும் விட்டிருப்பேன் சார். அப்பா பேர், ஊர், நிலத்தோட எண், எல்லாம் ஒண்ணு. அரசாங்கம் தரிசைப் பிரிச்சுக் குடுத்தப்ப ஒரு ஆளுக்கு ஒரு எண். ரெண்டு பேருக்கு ஒரே எண் போக வழியில்ல.

— எதனால இறந்ததா இருக்கு?

— படிக்கறேன்ம்மா. “கலப்பையின் கொழு வலது பாதத்தில் ஏறியது. ஏழாம் நாள் வாய்ப்பூட்டு.”

— டெட்டனஸ்.

— அம்மா என்ன வேலை பார்க்கறீங்க?

— நர்ஸுங்க. அந்தக் காலத்துல வாய் பூட்டிக்கிட்டா வீடு திரும்பறது ரொம்ப அபூர்வம். அண்ணே, நீதானே தாத்தா காலுக்கு எண்ணெய் தேய்ச்சு விடுவே. வலது பாதத்துல தழும்பு இருந்ததா?

— பாதம் பாளம் பாளமா வெடிச்சிருக்கும். விரல்ல ரெண்டுல நகமே கிடையாது. தழும்புன்னு ஒண்ணும் இல்ல. அதுக்கென்ன? எவனோ அரைத் தூக்கத்துல எண்ணை மாத்தி எழுதியிருப்பான்.

— இருக்கலாம் சார். தாத்தா கையெழுத்துப் போடுவாரா?

— கைநாட்டு. பள்ளிக்கூடத்துலேர்ந்து வந்து நான் சிலேட்டை நீட்டினா, மாடு கத்துதுன்னு எழுந்து போயிடுவார். மாடு கத்தியிருக்காது.

— நீங்க குடுத்த மூலப் பத்திரத்துல, நிலம் வாங்கினப்ப போட்ட கையெழுத்து இருக்கே. இந்தாங்க, பாருங்க. உருண்டை உருண்டையா, நல்லாப் படிச்ச கை.

— காட்டுங்க. இது… இது யாரோ அவருக்காகப் போட்டுக் குடுத்தது.

— அப்படிப் போட்டா “இன்னாருக்காக இன்னார்”னு எழுதணும். எழுதல.

— அண்ணே, உட்காரு. நிக்காதே. ஏங்க, ஆஸ்பத்திரிக்கு யார் கொண்டு வந்தாங்கன்னு இருக்குமே? எங்க ஆஸ்பத்திரியில இப்பவும் எழுதறோம்.

— இருக்கும்மா. “மனைவி, ஆறு வயதுப் பெண் குழந்தை, பண்ணையாள் ஒருவன்.”

— பண்ணையாள் பேர்?

— எழுதல. பண்ணையாளுக்கெல்லாம் அப்ப யார் பேர் எழுதினா?

— ஆறு வயசுப் பொண்ணு. அத்தைக்கு இப்ப எண்பத்துநாலு, அண்ணே.

— நீ என்ன கணக்குப் போடறே?

— தாத்தா ஏன் வீட்டுக்குள்ள உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லன்னு யோசிக்கறேன். நாலு பிள்ளைக்கு அப்பன், ஆறு ஏக்கருக்குச் சொந்தக்காரர். தட்டை எடுத்துக்கிட்டு வாசப்படிக்கு வெளியேதான் போவார். மழை பெய்தா தட்டுல தண்ணி விழும், அப்பவும் உள்ளே வரமாட்டார்.

— அது அவர் சுபாவம்.

— கிழிஞ்ச சட்டையைத் தானே தைச்சுப்பார். பாட்டிகிட்டக் குடுக்க மாட்டார்.

— சுபாவம்டி. ஒரு மனுஷனுக்கு சுபாவம்னு ஒண்ணு இருக்கக் கூடாதா? அந்தத் தரிசுல கல்லைப் பொறுக்கிப் பொறுக்கி இடுப்பு உசரத்துக்குச் சுவர் கட்டினது யாரு? ஏழு வருஷம் கிணறு வெட்டினது யாரு? அந்த ஆளைப் போய் எவனோ பண்ணையாள்னு சொல்றீங்களா?

— நாங்க ஒண்ணும் சொல்லல சார். புத்தகம் சொல்லுது. ஆனா இப்படி நடந்திருக்க ஒரு காரணம் இருக்குங்க. அந்த நிலத்துக்கு ஒரு நிபந்தனை. வாங்கினவர் பத்து வருஷம் தானே பயிர் பண்ணணும். நடுவுல செத்தா நிலம் திரும்ப அரசாங்கத்துக்கு. மனைவி பேர்ல மாத்தித் தரமாட்டாங்க. வருஷத்துக்கு ஒருக்கா அதிகாரி நேர்ல வந்து, ஆள் வயல்ல நிக்கறாரான்னு பார்த்து எழுதிட்டுப் போவார்.

— அவர் இறந்தது எத்தனாவது வருஷம்?

— மூணாவதும்மா. பத்திரத்தோட பின்பக்கம் பத்து வருஷமும் “ஆள் பயிர் செய்கிறார்”னு ஒழுங்கா எழுதியிருக்கு. ஆஸ்பத்திரி இருக்கறது வேற ஊர், நடந்து போக ரெண்டு நாள். அங்க எழுதினது இங்க வந்து சேரல.

— அப்பா பொறந்தது அதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு. சித்தப்பாங்க ரெண்டு பேரும் அதுக்கும் அப்புறம்.

— போதும் நிறுத்து.

— நான் நிறுத்தினா நின்னுடுமா அண்ணே?

— சரிய்யா. பேச்சுக்கு அப்படியே வச்சுக்குவோம். இப்ப எனக்கு வேண்டியது கிணத்து மோட்டாருக்கு மின்இணைப்பு. செத்தவர் பேர்ல நிலம் இருந்தா இணைப்பு தரமாட்டேங்கறான். எங்க பேருக்கு மாத்த நீங்க வாரிசு எழுதிக் குடுக்கணும். நிபந்தனை கிபந்தனைன்னு நிலத்தைப் பிடுங்கப் போறீங்களா?

— அதை இனிமே யாரும் கிளற மாட்டாங்க. எனக்கு இருக்கற சங்கடம் வேற. பத்திரத்துல இருக்கறவர் இருபத்தெட்டு வயசுல இறந்தவர்னு வச்சா, அவருக்கு வாரிசு ஒருத்தர்தான். அந்த ஆறு வயசுப் பொண்ணு.

— அத்தை தனக்குப் பங்கு வேண்டாம்னு எழுதிக் குடுத்து இருபது வருஷமாச்சு.

— தம்பிங்களுக்குப் பங்கு உண்டுன்னு நினைச்சு விட்டுக் குடுத்தாங்க. இல்லன்னு தெரிஞ்சா அவங்க வந்து கேட்கலாம் சார். கேட்கவும் உரிமை உண்டு.

— பார்த்தியா? இதுக்குத்தான் பழைய குப்பையைக் கிளறாம நிறுத்துன்னேன். அவங்களோட பேசியே ஆறு வருஷமாச்சு. என் பையன் கல்யாணத்துக்குக் கூடக் கூப்பிடல. இப்ப போய் நிலமெல்லாம் உங்களுதுன்னு சொல்லணுமா?

— நான் பேசறேன். போனை வெளியே கேட்கற மாதிரி வைக்கறேன், நீ வாயைத் திறக்காம இரு. அத்தை, நான்தான். சாப்பிட்டீங்களா?

— மணி பதினொண்ணுகூட ஆகல, அதுக்குள்ள என்னடி சாப்பாடு? விஷயத்தைச் சொல்லு.

— பதிவு ஆபீஸ்ல இருக்கேன். அண்ணனும் இருக்கு. தாத்தா பேர்ல பழைய சாவு ஒண்ணு எழுதியிருக்கு அத்தை. ஆஸ்பத்திரியில. கால்ல கொழு ஏறி.

— ஆமா. வலது கால்.

— உங்களுக்குத் தெரியுமா?

— ரெண்டு ராத்திரி வண்டியில அந்தக் காலை மடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தவ நான். எனக்குத் தெரியாம?

— அத்தை, நான் பெரியவன் பேசறேன். அப்போ தாத்தா, அந்தச் சுவர் கட்டினவர்…

— பேசிட்டியா? நல்லது. அந்தாள் எங்க வீட்டுல வேலைக்கு இருந்தவர். என்னைப் பெத்தவரைப் புதைச்சிட்டு வந்த மறுநாளே ஏர் பூட்டினார். விதைக்கற நேரம், நின்னா ஒரு வருஷம் போச்சு. யாரும் சொல்லல, அவரா பூட்டினார்.

— அவரோட சொந்தப் பேர் என்ன அத்தை?

— இருந்தது. மறந்துடுன்னு அம்மா சொன்னா. சின்னப் பிள்ளை, மறந்துட்டேன். அப்புறம் எவ்வளவோ யோசிச்சேன், வரல. அவர்கிட்டயே ஒருநாள் கேட்டேன். எனக்கும் ஞாபகமில்லம்மான்னார்.

— இதெல்லாம் தெரிஞ்சா, பங்கு வேண்டாம்னு ஏன் கையெழுத்துப் போட்டீங்க? பூரா நிலமும் உங்களுதுதானே?

— கல்லு பொறுக்கினது அவர். தம்பிங்களை மாட்டுக்குப் பின்னாடி விரட்டிட்டு, என்னை மட்டும் படிக்க அனுப்பினதும் அவர். அவர் பிள்ளைங்க பிழைக்கட்டும்னு போட்டேன். திரும்பக் கேட்க வரமாட்டேன், நீ பயப்படாதே. நிலத்தை உங்க பேருக்கே மாத்திக்கோ.

— பாட்டிதான் உங்களைச் சொல்ல வேண்டாம்னு மிரட்டி வச்சாங்களா?

— அவளா? அதிகாரி வந்தா உள்ளதைச் சொல்லிட்டு, நிலத்தை விட்டுட்டுத் தாய் வீட்டுக்குப் போறதுக்கு மூட்டை கட்டி வச்சிருந்தா. மாடு கன்னெல்லாம் அரசாங்கத்துக்குப் போயிடும்னு சொல்லி என்னை அழ விட்டிருந்தா. அந்த வருஷம் வந்தவர் புது அதிகாரி, வீட்டுப் பக்கம் வராம நேரா வரப்புக்கு வந்துட்டார். அங்க நான்தான் நின்னேன்.

— அப்புறம்?

— ஏர் ஓட்டறது யாரு பாப்பான்னு கேட்டார். கன்னுக்குட்டி பொறந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது, அதை விட்டுட்டுப் போக எனக்கு மனசில்ல. எங்கப்பான்னு சொன்னேன்.