கரிப்பூச்சுத் தொட்டியில் பற்றிய தீ

பெருமதிப்பிற்குரிய தலைவர் லோகநாதன் அவர்களே! அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உழைத்து உரமேறிய பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்திருக்கும் தாய்மார்களே! கடைசி வரிசையில் நின்று யார் யார் வந்தார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கும் எங்கள் முதலாளியின் ஆட்களே! பூச்சுக்கூடத்தில் வேலை பார்க்கும் ஷரீஃபுன்னிசாவின் வணக்கம் உங்களுக்கும் சேர்த்துத்தான்.

எங்கள் கூடத்தில் இரும்புச் சாமான்களைத் தொட்டியில் முக்கி நிக்கல் பூசினோம், துத்தநாகம் பூசினோம். எல்லாம் தண்ணீர்த் தொட்டிகள். இந்த ஆண்டு கரிப்பூச்சு வந்தது. மின்சாரம் பாய்ச்சினால் தலைமுடியைவிட மெல்லிய கரிப்படலம் இரும்பின்மேல் படிகிறது, எளிதில் தேயாது. அறிவியலின் அருமை அது, மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தொட்டியில் இருந்தது தண்ணீரா? மெத்தனால் ஐயா, மெத்தனால்! பார்த்தால் தண்ணீர், பற்றினால் நெருப்பு. அது வந்த பீப்பாயில் ஒட்டியிருந்த நெருப்பு எச்சரிக்கைப் படத்தை முதலாளி கிழிக்கச் சொன்னார். ஏனாம்? "பொம்பளைங்க பயந்துகினு ஓடிடுவாங்க" என்றாராம். எல்லாம் முடிந்த பிறகுதான் எங்களுக்கே இது தெரிந்தது.

ஆயுதபூஜை வந்தது. தொட்டிக்குத் தொட்டி பொட்டு வைத்து, விளிம்பில் கற்பூரம் ஏற்றுவது எங்கள் வழக்கம். கற்பூரத்தின்மேல் எனக்குக் கோபமில்லை; ஆண்டுதோறும் சந்தனம் கரைத்துக் கொடுப்பவளே நான்தான். புதுத் தொட்டிக்கும் ஏற்றிவிட்டு, மாலை போடக் குனிந்தாள் என் தோழி அனுசுயா. பட்டப்பகல். மெத்தனால் தீ வெயிலில் கண்ணுக்குத் தெரியாது, தாய்மார்களே! "அக்கா, நெருப்பே காணோம், கை மட்டும் எரியுதுக்கா" என்றாள். ஈரச்சாக்கை எடுத்துக்கொண்டு நான் ஓடுவதற்குள் இரண்டு கையும் வெந்துவிட்டன.

இப்போது முதலாளி சொல்கிறார், அது அவளுடைய கவனக்குறைவாம். அதனால் இனி வேலையும் கிடையாதாம். நாளை தொழிற்சாலை ஆய்வாளர் வரும்போது நாங்களும் அதையே ஒப்பிக்க வேண்டுமாம். தெரிந்தவர் மறைத்தார், தெரியாதவள் வெந்தாள், பழி மட்டும் வெந்தவளுக்கா? அடுக்குமா இது?

என்ன தம்பி, "உன் வேலையும் பூடும்க்கா" என்கிறாயா? போகட்டுமே! அந்தப் பயத்தை நம்பித்தானே அவர் படத்தையே கிழித்தார்?

ஆஸ்பத்திரியில் நேற்று அவளைப் பார்த்தேன். மருந்தைப் பற்றிப் பேசவில்லை, வலியைப் பற்றிப் பேசவில்லை. "எம்மேல தப்பில்லன்னு நீயாவது சொல்லுவியாக்கா?" என்று மட்டும் கேட்டாள். நீயாவது! அப்படியென்றால் நம்மில் மற்ற யாரையும் அவள் நம்பவில்லை. வெட்கமாக இல்லையா நமக்கு?

நாளை ஆய்வாளர் முன்னால் முதலில் திறப்பது என் வாய். "படத்தைக் கிழித்தார்கள், எங்களிடம் எதுவும் சொல்லவில்லை" என்பேன். இரண்டாவது வாய் யாருடையது?

இவ்வளவு நேரம் கேட்ட காதுகளுக்கு நன்றி. என் வணக்கத்தை நாளை வாய் திறப்பவர்களுக்கு வைத்திருக்கிறேன்.