கம்பியைப் பிடித்த கொடி

என் மாணவியின் கண்டுபிடிப்பை என் பெயரில் மட்டும் வெளியிட்டேன். மனித உடலில் செய்தி கடத்தும் ஒரு புரதத்தைப் படிகமாக்கி, அது பெப்டைடு என்ற சிறு புரதத் துண்டைப் பற்றும் விதத்தைக் கண்டவள் அவள். முதுமையில்தான் ஆராய்ச்சி இதழுக்கு உண்மையை எழுதி, அவள் பெயரைச் சேர்க்க வைத்தேன். மன்னிப்புக் கேட்க அவள் ஊரான காமயகவுண்டன்பட்டிக்கு டவுன் பஸ்ஸில் போனேன். சாரலில் திராட்சைப் பந்தல்கள் மிதந்து சென்றன. முன் இருக்கையில் இரண்டு பெண்கள்.

"நம்ம ஒடம்புல சேதி சொல்ற புரதம் இருக்காம் மதினி. சின்னத் துண்டு ஒண்ணு வந்தா, கொடி பந்தக் கம்பியப் புடிக்கிற மாதிரி புடிச்சுக்கிருமாம்."

"பெரிய டாக்டரு! யாருடி சொன்னா?"

"எங்க அக்கா. மொதல்ல பாத்ததே அவதான். வாத்தியாரு இப்பத்தான் அவ பேரையும் போட்டாக."

"சந்தோசப்பட்டாளா?"

"ஆத்தாட்ட காட்டணும்னு கெடந்தா. ஆத்தாதான் போயிருச்சே."

ஊர் வந்ததும் அவர்கள் இறங்கினார்கள். நான் முன் இருக்கைக் கம்பியைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன்.