பயத்தின் தாளம்

தண்ணீர் குடியுங்கள், தருமலிங்கம். பழவேற்காட்டுக் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் கரிக்கும்; இரண்டு நாளில் பழகிவிடும். உங்கள் தங்கை ராஜாத்தியைப் பற்றித்தானே கேட்க வந்தீர்கள். துடுப்புப் போடும் ரங்கன் உங்களிடம் பாதி சொல்லியிருக்கிறான். மீதியை நான் சொல்கிறேன். அவளைக் கப்பலுக்குக் கொண்டுபோன சலங்குப் படகை நடத்திய தண்டல் இந்தச் சுப்பராயலு, நான்தான்.

பஞ்ச காலத்தில் ஒல்லாந்தர் கோட்டையிலிருந்து அடிமைகளை ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். பெரிய கப்பல் கரைக்கு வராது. முகத்துவாரத்து அலையைத் தாண்டி நாங்கள்தான் கொண்டுபோய் விட வேண்டும். வந்தவர்கள் உங்களைப் போல நெசவுக்காரர்கள், உழவுக்காரர்கள், கடலையே பார்த்திராதவர்கள். என் முதல் வருடத்தில் ஒருத்தி அலறினாள். உடனே எல்லோரும் ஒரே பக்கமாக எழுந்தார்கள், படகு கவிழ்ந்தது. பதினான்கு பேர் போனார்கள். என் தம்பி குப்பனும் போனான். அவனை நினைத்தால் இன்றைக்கும் அழுகை வருகிறது.

ஒல்லாந்தர் பேச்சை எங்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் கோட்டைத் துபாஷி மீரான் வந்து, "இன்னா பண்ணுவியோ தெரியாது. ஒடம்புல ஒரு தழும்பு இருக்கக் கூடாது, சத்தமும் வரக் கூடாதுன்றாங்க" என்றார். பாம்பும் சாக வேண்டும், கோலும் முறியக் கூடாது. நான் யோசிக்கத் தொடங்கினேன்.

பயம் எங்கே பிறக்கிறது என்று பார்த்தேன். நெஞ்சில் என்பார்கள், வயிற்றில் என்பார்கள். இல்லை. கடல் வாடை பட்டதும் முதலில் மூக்குத்துளை விரிகிறது. மூச்சு குட்டையாகி ஒரே சீராக ஓடுகிறது. அதற்கப்புறம்தான் விரல் நடுங்குகிறது, அதே தாளத்தில். பிறகு கண் ஒரே இடத்தில் நின்றுவிடும். நிச்சயப்படுத்திக்கொள்ள, ஒரு நாள் காலையில் அவர்களில் ஒருவனுடைய மூக்கை மெழுகால் அடைத்துப் பார்த்தேன். வாயால் மூச்சு வாங்கினான். விரல்கள் நடுங்கின, ஆனால் தாளம் கெட்டுப்போய்விட்டது. ஆக, மூச்சு மூக்கில் போய் வருவதுதான் தலைக்குள் எதற்கோ தாளம் போட்டுக் கொடுக்கிறது. மெழுகை எடுக்கச் சொல்லி அவன் கெஞ்சினான். எடுத்துவிட்டேன், அன்று மாலையே.

அந்தத் தாளம் பக்கத்தில் இருப்பவருக்கும் தொற்றும். தொற்றுவதை மாற்றவும் முடியும். கரைவலை இழுக்கும்போது முன்பாட்டுக்காரன் பாட்டைத் தளர்த்தினால் நாற்பது பேர் கையும் தளரும், அதே வித்தைதான். பயந்தவனிடம் எடுத்த எடுப்பில் மெதுவாகத் தட்டினால் பலிக்காது. முதலில் அவன் பயத்தின் வேகத்திலேயே படகின் ஓரத்தில் கோலால் தட்ட வேண்டும். அவன் மூச்சு கோலைப் பிடித்துக்கொண்டதும், துளித்துளியாகக் குறைக்க வேண்டும். ஒரு நாழிகையில் முப்பது பேரும் கண் செருகி உட்கார்ந்துவிடுவார்கள். "இன்னாண்ணா, தாலாட்டா?" என்று ரங்கன் கிண்டல் செய்வான். தாலாட்டுதான். பதினொரு வருடம் ஒரு படகும் கவிழவில்லை. அடி கிடையாது, சங்கிலி கிடையாது. அவர்களை என்னைவிட இரக்கமாக யாரும் நடத்தியிருக்க மாட்டார்கள்.

அன்று நீங்கள் அவளுக்கான விடுதலைச் சீட்டோடு ஓடி வந்தீர்கள். படகு இன்னும் மணலில்தான் இருந்தது. காவல்காரன் உங்களைக் கிட்டே விடவில்லை. எல்லோருக்கும் தலையை மழித்து ஒரே மாதிரித் துணி சுற்றியிருந்ததால் தூரத்திலிருந்து உங்களுக்கு அடையாளமும் தெரியவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடு, பதில் சொல்பவளைக் கூட்டிக்கொண்டு போ என்றான் அவன்.

"ராஜாத்தி, அண்ணன் வந்துகீறேன். ஒரு கொரல் குடும்மா."

மூன்று தடவை கூப்பிட்டீர்கள். யாரும் வாய் திறக்கவில்லை. முந்தைய கப்பலிலேயே போய்விட்டாள் என்று நினைத்துத் திரும்பினீர்கள். அவள் மூன்றாவது பலகையில், எனக்கு எதிரே, என் கோலின் தாளத்தில் மூச்சு விட்டபடி உட்கார்ந்திருந்தாள்.

ஒருத்தி பதில் சொன்னால் மற்றவர்கள் மூச்செல்லாம் கலைந்துவிடும், படகு கவிழும், அதனால்தான் தட்டிக்கொண்டே இருந்தேன் என்று இத்தனை காலம் எனக்கு நானே சொல்லி வந்தேன். நீங்கள் இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறீர்கள், உங்களிடம் பொய் வேண்டாம். அன்று கடல் குளம் போலக் கிடந்தது. கோலைக் கீழே வைத்திருந்தால் போதும். கூடப்பிறந்தவன் குரலைக்கூட என் தாளம் தாங்குமா என்று பார்க்க ஆசையாக இருந்தது. அவ்வளவுதான்.

தாங்கியது. முதல் தடவை நீங்கள் கூப்பிட்டபோது அவள் மூக்கு விரிந்தது. இரண்டாவது தடவை, உதடு பிரிந்தது. நான் ஒரு தட்டலை விட்டுவிட்டு, அடுத்ததை இன்னும் மெதுவாகத் தட்டினேன். உதடு மூடிக்கொண்டது. மூன்றாவது தடவை அவள் மூச்சு கொஞ்சமும் மாறவில்லை.

உங்கள் குரல்தான் என்று அவளுக்குத் தெரிந்ததா என்று கேட்கிறீர்கள். தெரிந்தது. கப்பலுக்குப் போய்ச் சேரும்வரை கண்ணில் தண்ணீர் மட்டும் நிற்கவில்லை. மற்றபடி அவள் பயப்படவே இல்லை.