விராலா, கெண்டையா

— விராலைக் கடைசியா வை. அதை முதல்லயே தின்னுட்டா மத்ததெல்லாம் வாய்க்குள்ள இறங்காது.

— நீங்க ருசி பாக்கப் போறீங்களா, பந்தி நடத்தப் போறீங்களா? எண்ணெய் காஞ்சு நிக்குதுங்க.

— ருசிக்குன்னு ஒரு வரிசை இருக்கு. முதல்ல ஜிலேபி மீன், அப்புறம் கெளுத்தி, அப்புறம் கெண்டை, கடைசியா விரால். நம்ம மீன் கடை வாசல்ல நின்னு தினமும் கத்துவேனே, மறந்துட்டியா?

— எங்க மறக்கறது. எட்டு மாசமா தெரு நிம்மதியா தூங்குது.

— இந்தா பாரு தங்கச்சி, உங்க ரெண்டு பேர் கொஞ்சல அப்புறம் வச்சுக்கோங்க. கடைய எடுத்துக்கப் போற ஆளு பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருக்கான். அஞ்சு மணிக்கு கடைச்சாவி அவன் கையில இருக்கும்னு நீதான் சொல்லச் சொன்ன. நானும் சொல்லிட்டேன்.

— சொன்னேன் அண்ணா. அப்ப இவருக்கு நாக்குல ஒண்ணுமே தெரியல. கஞ்சியும் ஒண்ணுதான், களிமண்ணும் ஒண்ணுதான்னாரு. நான் வேற என்ன பண்ணுவேன்?

— இப்ப ரெண்டு வாரமா தெரியுது மச்சான்.

— நீங்க சொல்றீங்க மாப்ள. தொண்டையில இருந்த கட்டிக்கு முப்பத்தஞ்சு நாள் கரண்ட் வச்சாங்க. ருசி வந்தாலும் வரும், வராமயும் போகும்னு டாக்டரே கைய விரிச்சாரு.

— வரும்னும்தானே சொன்னாரு.

— நான் ஒண்ணு கேப்பேன், கோவிச்சுக்கக் கூடாது. கடையில மசாலா இவ கை, உப்பு உங்க கை. இருபத்திரண்டு வருஷம் அந்த உப்புக்குத்தான் அத்தனை கூட்டம். முதல் துண்டப் பொரிச்சு வாயில போட்டுப் பாத்து நீங்க தலையாட்டினாத்தான் அடுத்த துண்டு கல்லுக்குப் போகும். அந்த நாக்கு இல்லாம அங்க போய் நின்னு என்ன பண்ணுவீங்க?

— நாக்கு இருக்கு மச்சான். இதோ பேசுதே.

— அண்ணா, அதுக்குத்தானே உன்ன நாலு வகை மீன் வாங்கிட்டு வரச் சொன்னேன். மனசுல அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. சாவியக் குடுக்கறதுக்கு முன்னால ஒரு தடவை பாத்துடலாம்னு.

— ஊற வச்சாச்சா?

— எப்பவோ. கழுவி, சட்டியோட இவரு முன்னால வச்சுட்டுத் தண்ணி பிடிக்கப் போனேன். வந்து பாத்தா சட்டி காலடியில, இவரு நாற்காலியில கண்ணசந்துட்டாரு. எழுப்ப மனசு வரல. மசாலாவத் தடவி வச்சுட்டேன்.

— மாத்திரை போட்டா அப்படித்தான் அமுக்குது.

— சரி, ஆரம்பிங்க. ஆனா கண்ண மூடிக்கிட்டு. நான் தட்டுல வைப்பேன், நீங்க சொல்லணும்.

— அண்ணா, அவரு என்ன பள்ளிக்கூடப் பையனா?

— விடு. மூடிட்டேன். வைங்க மச்சான்.

— இது?

— தண்ணி குடு முதல்ல. எச்சில் ஊற மாட்டேங்குது, அது ஒண்ணுதான் இன்னும் குறை. ம். இது ஜிலேபி. ஓரம் மொறுமொறுன்னு நிக்குது, உள்ள பொலபொலன்னு உதிருது. சேத்துக் குட்டையில வளந்தா மண் வாடை அடிக்கும். இது ஓடற தண்ணி மீன். பசிக்குத் தின்னலாம். ருசிக்குன்னு தேடிப் போய்த் தின்ன வேண்டியதில்ல.

— சரியாத்தான் சொல்றாரு.

— பேசாத தங்கச்சி. மாப்ள, இது?

— கெளுத்தி. செதில் இல்லாத தோலு, வழுக்கிக்கிட்டு வருது. கொழுப்பு ஜாஸ்தி. கல்லுல போட்டா மூஞ்சியில தெறிக்கும். குழம்புக்கு ராஜா, பொரிச்சா கூலிக்காரன். நம்ம கடையில இதைக் கேட்டு வர்றவங்க எல்லாரும் பல்லு போனவங்க.

— இன்னிக்குக் காலையிலதான் ஒரு பல்லப் புடுங்கிட்டு வந்திருக்கேன். பஞ்ச அடைச்சு அனுப்பியிருக்கான். இல்லன்னா நானே தின்னு பாத்திருப்பேன். இவ்வளவு பேச்சு எதுக்கு?

— அடுத்தது வைங்க மச்சான்.

— இந்தா.

— கெண்டை. கீறிப் போட்டிருக்கா. பொடி முள்ளெல்லாம் எண்ணெயில வெந்து முறுகிடுச்சு. இதுதான் மச்சான் இனிப்பு. ஆத்துக் கெண்டையில ஒரு இனிப்பு உண்டு, சர்க்கரை இனிப்பு இல்ல, கடிச்சு முழுங்கினதுக்கு அப்புறம் தொண்டையில மெதுவா ஏறும். இவ கடைக்கு வந்த முதல் நாள் கெண்டையத்தான் கருக்கினா. அழுதுகிட்டு நின்னா. பூராவையும் நானே தின்னேன். அந்தக் கரிக்குள்ளயும் அந்த இனிப்பு இருந்துச்சு. இப்பவும் இருக்கு.

— இத எதுக்கு இப்ப அண்ணன்கிட்ட சொல்றீங்க?

— ஞாபகம் வந்துச்சு, சொன்னேன். விரால வைங்க.

— பாப்போம். இது?

— இதுக்கு வாயே வேணாம். நடுவுல ஒத்தை முள்ளு, உருவினா வந்துடும். சதை கட்டிக் கட்டியா, பல்லுக்கு வேலை குடுக்கும். நோயாளிக்கு விரால் நல்லதும்பாங்க. எட்டு மாசமா இதைத்தான் கஞ்சியில கரைச்சு ஊத்தினீங்க, வாயில என்ன போச்சுன்னே தெரியாது. இன்னிக்குத் தெரியுது. ஆனாலும் சொல்றேன், பொரிக்கறதுன்னா கெண்டைதான். விரால் பணக்காரன் வீட்டு மாப்பிள்ளை. கெண்டை நம்ம வீட்டுப் பிள்ளை.

— நாலும் சரி. ஒண்ணு கூடத் தப்பல. நான் ஒத்துக்கறேன் மாப்ள.

— மச்சான், ஒரே ஒரு விஷயம் கேட்டுக்கோங்க. இந்த வீட்டுக்கு வர்றவன் எவனும் என் மூஞ்சியப் பாக்கறதில்ல, தொண்டையத்தான் பாக்கறான். இந்த நாற்காலியில உக்காந்திருந்தா நான் நோயாளி. அந்தக் கல்லு முன்னால போய் நின்னேன்னா மீன்காரன். அவ்வளவுதான் வித்தியாசம்.

— அழாதீங்க. அண்ணன் முன்னால போய்.

— புகை கண்ணுல பட்டுச்சு.

— அண்ணா, சாவிய எடு. இங்க வை. அந்த ஆளுகிட்ட, கடை குடுக்கறதா இல்லன்னு சொல்லிடு. ஞாயித்துக்கிழமை நாங்க அடுப்பு பத்த வைக்கறோம்.

— நல்லா யோசிச்சியா? அவன் இன்னொரு தடவை வர மாட்டான்.

— யோசிக்க இதுல என்ன இருக்கு. நாலு மீனும் உன் முன்னாலதானே சொன்னாரு.

— சரி. இந்தா சாவி. அவன்கிட்ட திட்டு வாங்கறது என் தலையெழுத்து. வரேன் மாப்ள.

— பஞ்ச எடுத்ததும் கடைக்கு வாங்க மச்சான். முதல் தட்டு உங்களுக்குத்தான்.

— பாத்து இறங்கு அண்ணா, படியில தண்ணி கிடக்கு. ஏங்க, என்னமோ நெஞ்சுல இருந்து அம்மிய இறக்கி வச்ச மாதிரி இருக்கு.

— நீ ஒண்ணும் தின்னலையே. எப்பவும் கடைசிப் பந்தி நீதான். உக்காரு. கெண்டை ரெண்டு துண்டு வச்சிருக்கேன்.

— குடுங்க. எத்தனை நாளாச்சு, நீங்க எனக்கு எடுத்து வச்சு.

— தின்னு. எப்படி?

— ம்.

— என்ன, முள்ளா?

— இல்ல. விராலயும் ஒரு துண்டு குடுங்க, அதுவும் இப்படித்தானான்னு பாக்கறேன்.

— இந்தா. நான் சொல்லல? கெண்டைதானே?

— ஏங்க. உப்பு எப்ப போட்டீங்க?

— நான் எங்க போட்டேன்? சட்டிய வச்சுட்டு நீ அந்தப் பக்கம் போன, நான் இந்தப் பக்கம் தூங்கிட்டேன். முழிச்சுப் பாத்தா மசாலா வரைக்கும் ஆயிடுச்சு. நானே சொல்லணும்னு இருந்தேன். இருபத்திரண்டு வருஷத்துல முதல் தடவையா உன் கை உப்பு. கூடவும் இல்ல, குறையவும் இல்ல. அப்படியே நான் போட்ட மாதிரி நிக்குது.

— அப்படியா.

— எங்க எழுந்து போற? ஜன்னல்கிட்ட என்ன?

— அண்ணன் போயிட்டாரான்னு பாத்தேன். வண்டி கிளம்பல போல. இன்னும் கீழதான் உதைச்சுக்கிட்டு நிக்கறாரு.

— கூப்பிடணுமா? ஏதாவது சொல்ல மறந்துட்டியா?

— இல்ல. போகட்டும்.

— அப்ப வந்து உக்காந்து தின்னு, ஆறிப் போகுது. இவ்வளவு நாள் மறைச்சு வச்சிருந்தியே, உப்பு போட எங்க கத்துக்கிட்ட?

— உங்க கையப் பாத்துப் பழகினதுதாங்க.