காதில் பஞ்சு இருந்த நாட்கள்

பஞ்சில் வாஸ்லின் தடவுவது எனக்கு நன்றாகவே வரும், டாக்டர். நீங்களே ஒருமுறை பாராட்டியிருக்கிறீர்கள். குளிப்பதற்கு முன் அவர் காதை அடைப்பது, வெளிப்பஞ்சைத் தினமும் மாற்றுவது, மாத்திரையை நேரத்துக்குக் கொடுப்பது, எதிலும் நான் குறை வைக்கவில்லை. அப்படியிருந்தும் இடது காதில் நீங்கள் ஒட்டிய ஜவ்வு இரண்டு தடவையும் ஏன் பிய்ந்தது என்று என்னைத் தனியாக உட்கார வைத்துக் கேட்பது நியாயம்தான். அவர் பக்கத்து அறையில் ஹியரிங் டெஸ்டில் இருக்கிறார். கால் மணி நேரம் ஆகும். சொல்லிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவர். எந்த பஸ் எங்கே போகிறது என்று மைக் இல்லாமலே கூவுவார். தெருவில் அவருக்கு லவுட் ஸ்பீக்கர் என்று பெயர். சட்டைப் பித்தான் அறுந்த விஷயம்கூட நாலு வீட்டுக்குத் தெரிந்துவிடும். "கொஞ்சம் மெதுவா பேசுங்களேன்" என்பேன். "நான் எங்கடி கத்துறேன்?" என்பார். எதிர்வீட்டு அக்கா ஜன்னலைச் சாத்துவார். இப்படியே முப்பத்தொரு வருஷம். காதில் ஓட்டை, அதனால்தான் கத்துகிறார், ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்று நான்தான் உங்களிடம் அழைத்து வந்தேன்.

காதுக்குள் பஞ்சை அடைத்து, தலையைச் சுற்றிக் கட்டுப் போட்டு அனுப்பினீர்கள். வீட்டுக்கு வந்தவர் வாயைத் திறந்தார், உடனே மூடிக்கொண்டார். காது அடைத்திருந்ததால் அவர் குரல் அவர் மண்டைக்குள்ளேயே முழங்கியிருக்கிறது. அப்புறம் மிக மெதுவாக, "கொஞ்சம் தண்ணி தர்றியாம்மா?" என்றார். சொம்பு நிறையக் கொண்டுபோய் நீட்டினேன். கல்யாணமான நாளிலிருந்து ஒருநாளும் அவர் என்னை 'அம்மா' போட்டுப் பேசியதில்லை. காதில் பஞ்சு இருந்த மூன்று வாரமும் புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் மாதிரி இருந்தோம். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

பிறகு பஞ்சை எடுத்தீர்கள். நன்றாகக் கேட்கிறது என்றார். கேட்கட்டும், அதில் எனக்கென்ன வயிற்றெரிச்சல்? ஆனால் கத்துவது குறையவில்லை. நான் அடுப்படியில் முணுமுணுப்பதும் இப்போது கேட்டுவிட்டதால், அதற்கும் ஹாலிலிருந்து பதில் வந்தது.

ஜவ்வு நன்றாகப் பிடிக்க இன்னும் சில வாரம் ஆகும், மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும் என்று தாளில் எழுதிக் கொடுத்திருந்தீர்கள். நான் அதை மூன்று தடவை படித்தேன். மறுநாள் அவர் முகம் துடைக்கும் துண்டில் கொஞ்சம் மிளகுத்தூள் பட்டிருந்தது. சமையல் செய்கிற கை, படத்தான் செய்யும். தும்மல் வந்ததும் அவர் மூக்கையும் வாயையும் சேர்த்துப் பொத்தினேன். ஆறு தும்மல். அடுத்த அறையில் விருந்தாளிகள் இருந்தார்கள், என்ன நினைப்பார்கள்?

எட்டு மாதம் கழித்து இரண்டாவது ஆபரேஷன். அந்த எட்டு மாதத்தை எப்படித் தள்ளினேன் என்று எனக்குத்தான் தெரியும். மறுபடியும் கட்டு, மறுபடியும் அந்தக் குரல். "உன்ன விட்டா என்னை யாரும்மா பாத்துப்பாங்க?" என்று ரகசியம் போலக் கேட்டார். நான் அழுதுவிட்டேன். பஞ்சு எடுத்த நாலாம் நாள் துண்டில் மறுபடியும் மிளகு. இந்தத் தடவை விருந்தாளிகள் இல்லை.

இனி இடது காதைத் தொடுவதற்கில்லை, இப்படியே விட்டுவிடலாம் என்று நீங்கள் சொன்னபோது, டாக்டர், உங்கள்மேல் எனக்குக் கோபமே வந்தது.

வலது காதில் புதிதாக ஓட்டை எப்படி வந்தது என்கிறீர்கள். போன செவ்வாய்க்கிழமை அந்தப் பக்கம் ஒரு கொசு உட்கார்ந்தது. உள்ளங்கையை விரித்துக் காதோடு சேர்த்து அடித்தேன். கொசு சாகவில்லை. அங்கே இருந்திருந்தால் செத்திருக்கும். அவர் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு, "கை வலிக்குதாம்மா?" என்று கேட்டார். எவ்வளவு மெதுவாகக் கேட்டார் தெரியுமா?

இப்படிப்பட்ட மனிதரை யாராவது மனதறிந்து துன்புறுத்துவார்களா? அதோ, வந்துவிட்டார். இன்றைக்கே கட்டுப் போட்டுவிடுங்கள், டாக்டர். அவிழ்க்கும் தேதியை மட்டும் என்னைக் கேட்டு எழுதுங்கள்.