மெதுவா மூடுங்க

ஓடாகர்: மெதுவா... தோட்டாவ உள்ள தள்ளுற போல்ட்டை மெதுவா மூடுங்கம்மா. கோவத்துல கதவைச் சாத்துற மாதிரி அடிக்காதீங்க.

பிளாங்கா: நாலாவது தடவை சொல்றீங்கண்ணே. துப்பாக்கி விக்க வந்தீங்களா, முட்டை விக்க வந்தீங்களா?

ஓடாகர்: பழைய சாமான்மா. கம்யூனிஸ்ட் ஆட்சியில பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்குச் சுடச் சொல்லிக் குடுத்த துப்பாக்கி. பதமாத்தான் நடத்தணும்.

பிளாங்கா: கிளப்புல எல்லாரும் அங்க வரிசையா படுத்துச் சுடறாங்க. நம்ம மட்டும் ஏன் இந்தக் கடைசி மேடை?

ஓடாகர்: அங்க ஒரே கூட்டம். மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமைதான் பழைய துப்பாக்கிகளச் சுட்டுப் பாத்து வாங்க விடறாங்க. அதுல பாதிப் பேரு சாசேஜும் பீரும் அடிக்க வர்றவங்க.

பிளாங்கா: இதுக்கு முன்னாடி ரெண்டு பேரோட துப்பாக்கியச் சுட்டுப் பாத்தேன். அவங்க பக்கத்துல நின்னு காட்டிக் குடுத்தாங்க. நீங்க கைய பைக்குள்ள விட்டுக்கிட்டு நிக்கிறீங்க.

ஓடாகர்: குளிரு.

பிளாங்கா: வேர்க்குதேண்ணே.

ஓடாகர்: ...சுடுங்க. குறி பாத்து முடிச்சப்புறம்தான் டிரிகர்ல விரல் போகணும்.

பிளாங்கா: சரி... இப்ப... ஐயோ, டிக்குன்னுச்சு. வெடிக்கலையே.

ஓடாகர்: அசையாதீங்க. முனை குறிக்குப் பின்னால இருக்கற மண்மேட்டையே பாக்கட்டும். போல்ட்டைத் திறக்காதீங்க.

பிளாங்கா: ஏன்?

ஓடாகர்: சில தோட்டா தாமதமா வெடிக்கும். திறந்தீங்கன்னா மூஞ்சியிலதான். அரை நிமிஷம் காத்திருக்கணும், நான் எண்ணுறேன். ஒண்ணு... ரெண்டு...

பிளாங்கா: பயமா இருக்குண்ணே.

ஓடாகர்: எனக்கும்தான். ஏழு... எட்டு...

பிளாங்கா: ஏதாவது பேசுங்க, இல்லன்னா கைய விட்டுடுவேன். ஏப்ரல்ல இங்க என்னமோ ஆயிடுச்சாமே?

ஓடாகர்: ...யார் சொன்னா?

பிளாங்கா: கீழ சாசேஜ் சுடற அம்மா. துப்பாக்கி வாங்க வந்த ஒருத்தர் போல்ட்டை மூடறப்பவே வெடிச்சுடுச்சாம். பக்கத்து மேடையில இருந்த ஸ்லாவெக்குன்னு ஒருத்தரோட காதோரமா போச்சாம்.

ஓடாகர்: காதுல தோல்தான் கிழிஞ்சுது. உயிருக்கு ஒண்ணும் இல்ல. பதினாறு... அந்த ஆளு டிரிகர்ல விரல வச்சுட்டான். கிளப்பு லிஸ்ட்லேர்ந்து அவன் பேர அடிச்சுட்டாங்க. போலீசுக்குப் போகாம எங்களுக்குள்ளயே பேசி முடிச்சாச்சு.

பிளாங்கா: இதே துப்பாக்கியா?

ஓடாகர்: ...இருபது... இருபத்தொண்ணு...

பிளாங்கா: விரல் வைக்கவே இல்லன்னு அவர் சொன்னாராமே.

ஓடாகர்: மொதல்ல சொன்னான்.

பிளாங்கா: அப்புறம்?

ஓடாகர்: எல்லாரும் திரும்பத் திரும்பச் சொன்னதுல... அவனே நம்பிட்டான். முப்பது. இப்பத் திறங்க. தோட்டா வெளிய விழுந்துடுச்சா?

பிளாங்கா: விழுந்துடுச்சு. ஓரத்துல லேசா ஒரு கீறல்தான் இருக்கு.

ஓடாகர்: இந்தத் தோட்டாவுக்கு அடி ஓரத்துலதான் வெடிமருந்து. துப்பாக்கிக்குள்ள அடிக்கிற ஊசி அங்க நல்லா இறங்கணும். போதும்மா, கீழ வச்சிடுங்க. உங்களுக்கு வேற நல்லதா பாப்போம்.

பிளாங்கா: இன்னொரு தோட்டா போடறேன்.

ஓடாகர்: வேண்டாம்.

பிளாங்கா: போட்டாச்சு. என் கையப் பாருங்கண்ணே. இடது கை துப்பாக்கிக் கட்டைக்கு அடியில. வலது உள்ளங்கை போல்ட்டு மேல. டிரிகர் பக்கம் ஒரு விரல்கூட இல்ல. பாத்துட்டீங்களா?

ஓடாகர்: அம்மா... முனை... முனை மேட்டைப் பாக்கட்டும்...

பிளாங்கா: மேட்டைத்தான் பாக்குது. அடிச்சு மூடறேன்.

ஓடாகர்: மெதுவா...

பிளாங்கா: ...வெடிச்சுடுச்சு. நான் டிரிகரத் தொட்டேனா?

ஓடாகர்: இல்ல.

பிளாங்கா: அந்த ஆளு பேரு விலெம். என் புருஷன். ஆறு மாசமா எங்க குழந்தையத் தூக்க மாட்டேங்கறார். தொட்டில்கிட்ட வந்து நிப்பார், ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால கட்டிக்குவார். "என் கை என் பேச்சக் கேக்காது பிளாங்கா, போட்டுடுவேன்"னு சொல்றார். அது கைய நீட்டி நீட்டி அழும். நானும் அவர நம்பலண்ணே, அதான் தாங்கல... வேற பேரு சொல்லித்தான் உங்ககிட்ட வந்தேன்.

ஓடாகர்: பேரு எதுவா இருந்தா என்னம்மா. ஏப்ரல்ல அது நடந்த அன்னைக்கு ராத்திரி எனக்குப் போன் பண்ணி, "அவர் விரல் டிரிகர்ல இருந்துச்சா"ன்னு கேட்டு அழுதது நீங்கதானே. "இருந்துச்சு, என் கண்ணால பாத்தேன்"னு பொய் சொன்னேன், என் துப்பாக்கிதான் பழுதுன்னு பழி என் தலையில விழுந்துடும்னு பயந்து. போன வியாழக்கிழமை அதே குரல் போன்ல பழைய துப்பாக்கி இருக்கான்னு கேட்டுச்சு. வாயால ஒத்துக்கத் தைரியம் வரலம்மா... அதான் அந்தத் துப்பாக்கியையே ரிப்பேருக்குக் குடுக்காம, நீங்களே பாத்துக்கட்டும்னு அப்படியே கொண்டாந்தேன்.