துவாரத்தில் அடைத்த துணி

— சுத்தியலைக் கீழ வைங்க வுக்கோசாவா! அந்தக் காத்துக் குழாய் ஆஸ்பெஸ்டாஸ். எழுபத்திரண்டுல கட்டடம் கட்டுனப்ப எல்லா வீட்டுக்கும் இதைத்தான் வெச்சாங்க. உடைச்சா தூசி நெஞ்சுக்குள்ள போய் உக்காந்துக்கும்.

— குழாயையா உடைக்கிறேன்? பூஞ்சை புடிச்ச குளியலறை டைலைத்தான பேத்தெடுக்குறேன்! உங்க வீட்டுக் கூரையெல்லாம் ஈரம்னு சண்டைக்கு வந்தது நீங்கதானே, கீழ்வீட்டுக்காரரே?

— ஈரம் எங்கருந்து வருதுன்னு பாருங்க. அந்தக் குழாயோட காத்துப் போற துவாரத்துல துணியைத் திணிச்சு வெச்சிருக்கீங்க! வெந்நீர் ஆவி போக வழியில்லாட்டி சுவர் என்ன பண்ணும்?

— திறந்தா ப்ரோமாயா வரும். ஜன்னலுக்கும் துவாரத்துக்கும் நடுவுல அப்படிக் குறுக்குக் காத்து ஓடுச்சுன்னா கழுத்து புடிச்சுக்கும், காது அடைச்சுக்கும். ஊருக்கே தெரியும்.

— முப்பது வருஷம் குழாய் வேலை பார்த்தவன் நான். ப்ரோமாயா அடிச்சுச் செத்தவன் ஒருத்தனையும் பார்த்ததில்ல.

— அப்ப கழுத்துல எதுக்கு மப்ளர்?

— இது... மாடிப்படியில காத்து.

— வாய்தான் பெரிசு!

— சரி விடுங்க. குழாயை நாம தொட வேண்டாம். அதுக்குன்னே முகமூடி போட்டு வர்ற ஆளுங்க இருக்காங்க, அவங்க கழட்டட்டும். புதுக் குழாய் போட்டு ஒரு காத்தாடி வெச்சுக்கலாம்.

— புதுக் குழாய்ல குரல் வருமா?

— என்ன குரல்?

— சின்ன வயசுல கீழருந்து இந்தக் குழாய்க்குள்ள வாயை வெச்சு ‘வூக்கா, வூக்கா’ன்னு என்னைக் கூப்பிடுவீங்களே. நான் தொட்டி விளிம்புல ஏறி நிப்பேன். ‘உள்ள யார்கிட்டடி பேசுற’ன்னு அம்மா கதவைத் தட்டுவா. அந்த நாளெல்லாம் எங்க போச்சோ!

— அதைப் பேச வேண்டாம்.

— ஏன்? நாப்பது வருஷமா மாடிப்படியில வெறும் வணக்கம்தான். நான் அப்படி என்ன பாவம் செஞ்சேன்?

— கேட்டுட்டீங்க, சொல்றேன். நான் பட்டாளத்துக்குப் போறதுக்கு முந்தின சாயங்காலம். பதினஞ்சு மாசம் எனக்காகக் காத்திருப்பியான்னு இதுக்குள்ளதான் கேட்டேன். ஒரு தரம் இல்ல, மூணு தரம். குளிக்கிற தண்ணி இறங்குற சத்தம் கேட்டுச்சு, நீ உள்ளதான் இருந்த. பதில் மட்டும் இல்ல.

— எனக்குக் கேக்கவே இல்லயே, ராடிவோய்!

— எப்படிக் கேக்காம போகும்?

— அன்னைக்குத்தான் முதல்முதலா இதை அடைச்சேன். தலைக்கு ஊத்தியிருந்தேன். ஈரத் தலையில ப்ரோமாயா பட்டா மூளைக் காய்ச்சல் வரும்னு அம்மா சொல்லுவா. காய்ச்சல்ல படுத்துட்டா காலையில ரயிலடிக்கு எப்படி வர்றது?

— எதுக்கு ரயிலடி?

— உன்னை வழியனுப்பத்தான். நீ போறதா இருந்த பத்து மணி ஸ்கோப்யே வண்டிக்கு. கோழி பொரிச்சுக் கட்டிக்கிட்டு வந்தேன். ஒவ்வொரு பெட்டியா தேடுனேன், நீ இல்ல. சொல்லாமலே போயிட்டான்னு நினைச்சேன். அதுக்கப்புறம் துணியை எடுக்கத் தோணல, கூப்பிடத்தான் ஆளில்லயே.

— பதில் சொல்லலேன்னு கோவிச்சுக்கிட்டு... நான் ஆறு மணி வண்டியிலயே ஏறிட்டேன், வூக்கா.